33 வயதில் ஜெர்மனியில் கேக் தொழிலை முதலிலிருந்து கற்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு: வயது 33. ஊரில் பி.இ. முடித்து நான்கு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கணவர் ப்ளூ கார்டில் (பட்டதாரிகளுக்கான வேலை, குடியிருப்பு அனுமதி) வந்ததால் ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிபெயர்ந்து மூன்று வருடமாகிறது. ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) முடித்தாயிற்று. நாலு வயதில் ஒரு குழந்தை. பழைய வேலைக்குத் திரும்ப மனமில்லை. கேக் செய்வதைத் தொழிலாக்கி, பிறகு சொந்தக் கடை போட வேண்டும். "இந்த வயதில் முதலிலிருந்து தொடங்குவது பைத்தியக்காரத்தனமா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சட்டம் விடுமா, கடைக்காரர் சேர்த்துக்கொள்வாரா, சொந்தக் கடை கைகூடுமா? முதல் கேள்விக்கு உறுதியாக ஆமாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஆமாம். மூன்றாவதும் ஆகும், ஆனால் அதற்கு நேர்வழி ஒன்றுதான், அது நீளமானது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி ஆலோசனை சொல்வது என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் குடியிருப்பு அட்டையையும், அதோடு பச்சைத் தாள் எதுவும் தந்திருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். "எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லௌப்ட்" அல்லது "கெஷ்டாட்டெட்" என்று இருக்கும். பொருளீட்டும் வேலைக்கு அனுமதி உண்டு என்று அர்த்தம். அந்தச் சொல்லில் சம்பள வேலை, சுயதொழில் இரண்டும் அடக்கம். 2020 மார்ச் 1 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, வெளிப்படையாகத் தடை இல்லாத எல்லா குடியிருப்பு அனுமதிகளும் வேலை செய்யும் உரிமையைத் தருகின்றன. ஆகவே தொழிற்பயிற்சியில் சேர நீங்கள் தனி விசா எடுக்க வேண்டியதில்லை. நடைமுறையில் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. அட்டையின் காலாவதித் தேதி கணவரின் அனுமதியோடு கட்டுண்டிருக்கும். ஆறு மாதமே மிச்சமிருக்கும் அட்டையைப் பார்த்தால் மூன்று வருட ஒப்பந்தம் போடக் கடைக்காரர் தயங்குவார். விண்ணப்பிக்கும் முன்பே புதுப்பித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் கணவருடன் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தபின் பிரிவு நேர்ந்தால், பொதுவாக மனைவிக்குத் தனி அனுமதி கேட்கும் உரிமை உண்டு. பயிற்சி முடித்து அந்தத் தொழிலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாலோ, தகுதி பெற்ற தொழிலாளர் என்று உங்கள் பெயரிலேயே அனுமதி வாங்கலாம். பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. சொந்தக் காலில் நிற்கும் ஓர் அட்டை, தொழில் ஆசைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

இனி சொந்தக் கடை. 2023-ல் பாரிஸ் நகரின் சிறந்த பகெட் பரிசை இலங்கையிலிருந்து சென்ற தர்ஷன் செல்வராஜா வென்றார். ஓராண்டு பிரெஞ்சு அதிபர் மாளிகைக்கே ரொட்டி கொடுத்தார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஜெர்மனியில் இருப்பவர்கள் பலர் உங்களைப் போலவே கேட்கிறார்கள். அவர் உழைப்பு பெரிது. ஆனால் அந்தப் பாதை அப்படியே இங்கே பொருந்தாது. பிரான்ஸில் ரொட்டிக்கடை நடத்த அடிப்படைத் தொழிற்சான்றிதழோ மூன்று வருட வேலை அனுபவமோ போதும். ஜெர்மனியின் கைவினைத் தொழில் சட்டத்தில் 'ஏ' பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. ரொட்டி செய்பவர், கேக்கும் இனிப்பும் செய்பவரான கொண்டிட்டோர், இறைச்சி வெட்டுபவர் மூவரும் அதில் வருகிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள தொழிலில் கடை போட வேண்டுமென்றால் மைஸ்டர் என்கிற உயர்நிலைத் தொழில் தேர்வு முடித்தவரின் பெயர் ஹாண்ட்வெர்க்ஸ்கம்மர் (கைவினைத் தொழில் சபை, சுருக்கமாகக் கம்மர்) பதிவேட்டில் ஏற வேண்டும். இதைத் தெரியாமல் வீட்டில் பிறந்தநாள் கேக் செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவர்கள் ஏராளம். தோழிக்குச் செய்து கொடுப்பது வேறு. கணிசமான அளவில் காசுக்கு விற்றால் அது பதிவில்லாத் தொழில், அபராதம் 50,000 யூரோ வரை போகலாம். உணவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் பதியாமல் சமையலறையில் செய்து விற்பது அதற்கு மேல் இன்னொரு மீறல். கடைக் கனவு உள்ளவர் இந்தக் கறையோடு தொடங்க வேண்டாம்.

சுற்றுவழிகள் உண்டு. மைஸ்டர் முடித்த ஒருவரை முழுநேரத் தொழில்நுட்பப் பொறுப்பாளராக வேலைக்கு வைத்து உங்கள் பெயரில் நிறுவனம் தொடங்கலாம், சட்டம் ஒப்புக்கொள்ளும். ஆனால் மாதாமாதம் அவர் சம்பளம் போக வேண்டும், அவர் விலகும் நாளில் கடையே தொங்கலில் நிற்கும். ஐஸ்க்ரீம் தயாரிப்புக்கு மைஸ்டர் கட்டாயம் இல்லை, அது வேறு பட்டியல். முன்கூட்டி ஆர்டர் இல்லாமல் வாடிக்கையாளரைத் தேடிப் போய் விற்கும் நடமாடும் வியாபாரத்துக்கும் மைஸ்டர் விதி இல்லை, அதற்கான அட்டை எடுத்தால் போதும். பயிற்சி முடித்தபின் ஆறு வருட அனுபவம் இருந்து, அதில் நான்கு வருடம் பொறுப்பான பதவியில் இருந்திருந்தால் மைஸ்டர் இல்லாமலே பதியக் கேட்கலாம். காபிக்கடை போட்டு "கூடவே கொஞ்சம் கேக்" என்று செய்தால் எந்த அளவு வரை அது உணவகம், எங்கிருந்து கைவினைத் தொழில் என்பது ஒவ்வொரு வழக்கிலும் கம்மர் பார்த்து முடிவு செய்யும் விஷயம். முகநூல் குழுவில் யாரோ "எனக்கு விட்டார்கள்" என்று சொல்வதை நம்பி முதலீடு போடாதீர்கள். எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இத்தனை வழிகளையும் எடைபோட்டால், உங்கள் வயதுக்கும் ஆசைக்கும் முறையான பயிற்சியே குறைந்த செலவு என்பது என் கருத்து.

அந்தப் பயிற்சிதான் அவுஸ்பில்டுங். கொண்டிட்டோருக்கு மூன்று வருடம். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, அல்லது சில வாரங்கள் சேர்த்துப் பள்ளி. மீதி நாட்கள் கடையில் வேலை. கட்டணம் கிடையாது, அவர்கள்தான் உங்களுக்கு உதவித்தொகை தருவார்கள். 2025-ல் தொடங்கியவர்களுக்குச் சட்டம் வைத்த குறைந்தபட்சம் முதல் வருடம் மாதம் 682 யூரோ, இரண்டாம் வருடம் 805, மூன்றாம் வருடம் 921. வயது வரம்பு இல்லை. வகுப்பில் 17 வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்; முதல் மாதம் கூச்சமாக இருக்கும், பிறகு கணக்குப் பாடத்தில் அவர்கள் உங்களிடம்தான் வருவார்கள். வாராவாரம் செய்த வேலையை எழுதும் பயிற்சி நோட்டு ஒன்று உண்டு. அதை மாதக்கணக்கில் எழுதாமல் விட்டுக் கடைசியில் மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். நோட்டு முழுமையாக இல்லையென்றால் இறுதித் தேர்வுக்கே அனுமதி கிடைக்காது. முதல் நான்கு மாதம் வரை சோதனைக் காலம் இருக்கலாம். அதற்குள் இரு தரப்பும் காரணம் சொல்லாமல் விலகலாம்.

குழந்தை இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ரொட்டிப் பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ரொட்டி அடுப்பு விடிகாலை இரண்டு, மூன்று மணிக்கே பற்றிவிடும். கேக் பிரிவில் ஐந்து, ஆறு மணிக்குத் தொடங்குவது வழக்கம். கிட்டா (குழந்தைகள் காப்பகம்) திறப்பது பெரும்பாலும் ஏழு மணிக்கு, ஆக அந்த இடைவெளியைக் கணவர்தான் நிரப்ப வேண்டும். அவர் அலுவலகத்துக்கு ஒன்பது மணிக்குப் போனால் நடக்கும். அடிக்கடி வெளியூர் போகிறவர் என்றால் ஒப்பந்தத்துக்கு முன்பே வேறு ஏற்பாடு வேண்டும். பகுதிநேர அவுஸ்பில்டுங்கும் சட்டத்தில் இருக்கிறது. வேலை நேரத்தைப் பாதி வரை குறைக்கலாம், அதற்கேற்பக் காலம் நீளும். 2020 முதல் இதற்குத் தனிக் காரணம் காட்ட வேண்டியதில்லை, கடைக்காரர் சம்மதித்தால் போதும். சிறிய கடைகளுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. நீங்களே எடுத்துச் சொல்லி, கம்மர் ஆலோசகரின் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உம்ஷூலுங் என்கிற மறுபயிற்சி வேறு. அதில் மூன்று வருடப் பாடம் இரண்டு வருடத்தில் முடியும். வேலைவாய்ப்பு அலுவலகம் ஒப்புக்கொண்டால் செலவை ஏற்கும், 2023 ஜூலை முதல் மாதம் 150 யூரோ கூடுதலாகத் தரும், இடைத்தேர்வில் தேறினால் 1,000, இறுதித் தேர்வில் தேறினால் 1,500 யூரோ. ஆனால் ஒப்புக்கொள்வது அதிகாரியின் முடிவு. உங்கள் டெஸ்டிங் அனுபவத்தைப் பார்த்ததும் "ஐ.டி.யில் ஆள் தேவை இருக்கிறதே" என்பார். அப்போது, நான்கு வருட இடைவெளிக்குப் பின் அந்தத் துறையில் போட்ட விண்ணப்பங்கள், வந்த மறுப்புகள், ஏற்கெனவே சம்மதம் சொன்ன ஒரு கடையின் கடிதம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எடுபடும். வெறும் ஆசையை மட்டும் சொன்னால் எடுபடாது.

கடையில் நுழைவது எப்படி? கைவினை பேக்கரிகள் நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் கீழே குறைந்துவிட்டன; பயிற்சிக்கு ஆள் கிடைக்காமல் திணறும் கடைகள் அதிகம். அதனால் கதவு திறப்பது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் மதியம் இரண்டு மணிக்கு நேரில் போங்கள். காலையில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது, சனிக்கிழமை போகவே கூடாது. ஒரு பக்கத் தன்விவரம், பி1 சான்றிதழ், குடியிருப்பு அட்டையின் நகல் போதும். இரண்டு வாரம் ப்ராக்டிகும், அதாவது கடையில் நின்று வேலை பழகிப் பார்ப்பது, செய்ய அனுமதி கேளுங்கள். அதற்கு முன் சுகாதார அலுவலகத்தில் உணவுத் தொழில் பற்றிய அறிவுரை வகுப்பை முடித்துச் சான்று வாங்கிவிடுங்கள். வேலை தொடங்கும் நாளில் அது மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அந்தத் தாளோடு வருகிறவரைப் பார்த்தாலே, விவரம் தெரிந்து வந்திருக்கிறார் என்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

ஃபோன்டன்ட் (சர்க்கரைப் பசை) பொம்மை வைத்த மூன்றடுக்குக் கேக் படங்களைக் காட்டலாம், அதையே நம்பிப் போகாதீர்கள். இங்கே கடை ஓடுவது பழத் தட்டைக் கேக், கிரீம் டோர்ட்டே (அடுக்குக் கேக்), மார்சிப்பான் (பாதாம் சர்க்கரைப் பசை), பிரலீன் (பூரணம் வைத்த சாக்லேட்) இவற்றில்தான். வீட்டில் நாம் ஒரே கேக்கை ஒரு நாள் முழுக்க அலங்கரிப்போம். கடையில் ஒரே அச்சில் நாற்பது டோர்ட்டே, ஒவ்வொன்றும் பதினாறு துண்டு, ஒவ்வொரு துண்டும் ஒரே எடை. முதல் வாரம் அவர்கள் பார்ப்பது வேறு மூன்று விஷயங்களை: எட்டு மணிநேரம் நிற்க முடிகிறதா, சொல்லாமலே மேசையைத் துடைக்கிறீர்களா, புரியாததைக் கேட்கிறீர்களா. மூன்றாவதில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள். புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு, பத்து லிட்டர் மாவைக் கெடுத்துவிடுவார்கள்.

ஏனென்றால் பி1-ல் படித்த ஜெர்மன் வேறு, அடுப்படி ஜெர்மன் வேறு. "உன்டர்ஹேபென்" என்றால் அடித்து நுரைத்த முட்டையோடு மாவைக் கீழிருந்து மேலாக மெதுவாக மடித்துச் சேர்ப்பது. "உன்டர்ர்யூரென்" என்றால் கலக்குவது. இரண்டையும் குழப்பினால் காற்றெல்லாம் வெளியேறி பிஸ்க்விட் (ஸ்பாஞ்ச் கேக்) அடையாகத் தட்டிப் போகும். "சூர் ரோஸ அப்ட்ஸீயென்" என்பதை அகராதியில் தேடினால் ரோஜாவும் உரிப்பதும்தான் கிடைக்கும். முட்டை மஞ்சள் கருவும் பாலும் சேர்ந்த கிரீமைக் கிட்டத்தட்ட 80 முதல் 85 டிகிரி வரை கிளறிக்கொண்டே சூடாக்கி, மரக்கரண்டியின் முதுகில் ஒட்டியதை ஊதினால் ரோஜா இதழ் போல வளையம் வரும் பதத்தில் இறக்குவது என்று அர்த்தம். அதைத் தாண்டினால் முட்டை திரிந்துவிடும். நம் பாகில் கம்பிப் பதம் பார்ப்பது போலத்தான். மாவுக்குப் பெயரே எண்தான்: 405, 550, 1050. நூறு கிராம் உலர்ந்த மாவை எரித்தால் மிஞ்சும் தாதுச் சாம்பல் எத்தனை மில்லிகிராம் என்பது அந்த எண். நம் மைதாவுக்கு நெருக்கமானது 405. இவற்றையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டே வாருங்கள். கூடவே தொழில்சார் பி2 வகுப்பில் இப்போதே பெயர் கொடுங்கள். தொழிற்பள்ளித் தேர்வுத்தாளில் வரும் நீண்ட வாக்கியங்களுக்கு பி1 பற்றாது. பாதியில் விடுகிறவர்களில் பலர் செய்முறையில் கெட்டிக்காரர்கள், எழுத்துத் தேர்வில்தான் வழுக்குகிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் வட்டார வழக்கு வேறு இருக்கிறது: புத்தகத்தில் "ப்ரோட்சென்" என்று படித்த குட்டி ரொட்டியைக் கடையில் "வெக்லெ" என்பார்கள்.

கை எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரு கிலோ கறுப்பு கூவெர்ட்யூர் (கேக் தொழிலில் பூசப் பயன்படும் சாக்லேட்), ஒரு நல்ல வெப்பமானி வாங்குங்கள். 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, மூன்றில் இரண்டு பங்கைச் சுத்தமான கல் மேடையில் ஊற்றித் தட்டைக் கரண்டியால் விரித்து விரித்துச் சேர்த்து 27, 28 டிகிரிக்கு இறக்குங்கள். பிறகு மீதிச் சூடான பங்கோடு கலந்து 31, 32-ல் நிறுத்துங்கள். காகிதத் துணுக்கில் தொட்டு வைத்தால் சில நிமிடத்தில் பளபளப்பாக இறுகி, உடைத்தால் 'டக்' என்ற சத்தம் வர வேண்டும். சாம்பல் நிறத் தீற்றல் வந்தால் கொக்கோ வெண்ணெய் தவறான படிக வடிவில் உறைந்திருக்கிறது. உருக்கி மறுபடி தொடங்கலாம், பொருள் வீணில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் மட்டும் மொத்தமும் கெட்டியாகித் திரண்டுவிடும். இதைப் பத்து முறை செய்தபின்னும் பதினோராவது முறை செய்ய ஆசை வருகிறதா என்று கவனியுங்கள். இந்தத் தொழிலின் அன்றாடம் அதுதான்.

நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவமாக இருந்தால் ஒப்பந்தத்துக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். முட்டை தினமும் நூற்றுக்கணக்கில் உடையும். கிரீம் நிற்க ஜெலட்டின் போடுவார்கள், பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. கறுப்பு வனச் செர்ரி டோர்ட்டேயில் கிர்ஷ் என்கிற செர்ரி மதுவின் சுவை தெரியும்படி இருக்க வேண்டும் என்பது இங்குள்ள உணவுத்தர வரையறை. சாப்பிட யாரும் வற்புறுத்த மாட்டார்கள், ஆனால் கையால் தொட்டுச் செய்ய வேண்டும், சில வேளை நாக்கில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதே நேரம், முட்டையில்லாக் கேக்கில் உங்களுக்குக் கை பழகியிருந்தால் அது உங்கள் பலம். வீகன் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தெரியாமல் பல பழைய கடைகள் கையைப் பிசைகின்றன.

உங்கள் பட்டப்படிப்பையும் வயதையும் காட்டிப் பயிற்சிக் காலத்தை ஒரு வருடம் வரை குறைக்கக் கேட்கலாம். இதில் என் கருத்து வேறு: தொடக்கத்தில் குறைக்காதீர்கள். குறைத்தால் முதல் வருடம்தான் பறிபோகும், கை பழகுவதே அந்த வருடத்தில்தான். பயிற்சி நடக்கும்போதுகூடக் கடைக்காரரும் நீங்களும் சேர்ந்து குறைக்க விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் நன்றாக இருந்தால் தேர்வை முன்னதாக எழுதவும் வழியுண்டு.

பயிற்சித் தேர்வில் தேறியதுமே மைஸ்டர் வகுப்பில் சேரலாம், இடையில் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 2004-ல் போய்விட்டது. செய்முறை, தொழிலறிவு, வணிகமும் சட்டமும், பயிற்சி கொடுக்கும் முறை என்று நான்கு பகுதிகள். பின்னிரண்டும் எல்லாத் தொழிலுக்கும் பொது. மாலை வகுப்பில் முன்கூட்டியே முடித்துவிடலாம். தகுதி இருந்தால் கட்டணத்தில் பாதியை அரசு மானியமாகத் தரும், மீதி கடன்; தேர்வில் தேறினால் அந்தக் கடனிலும் பாதி தள்ளுபடி. இப்படிப் பார்த்தால் 38 முதல் 40 வயதுக்குள் மைஸ்டர் ஆகலாம். அதன்பின் புதுக்கடை கட்டுவதைவிட, வாரிசில்லாமல் மூடப்போகும் பழைய கடையை எடுத்து நடத்துவதைத் தீவிரமாக யோசியுங்கள். அடுப்பு, குளிர்ப்பெட்டி, அனுமதிகள், வாடிக்கையாளர் எல்லாம் இருக்கும். அப்படிப்பட்ட கடைகளின் விவரம் கம்மரிடமே கிடைக்கும்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். பயிற்சி முடித்த கொண்டிட்டோரின் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் குறைந்தபட்சக் கூலியைவிடச் சற்றே மேலே இருக்கும். 2026-ல் அந்தக் கூலி மணிக்கு 13.90 யூரோ. டெஸ்டிங் வேலைக்குத் திரும்பினால் கிடைப்பதோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம். நான்கைந்து வருடக் கணக்கைக் கணவரோடு உட்கார்ந்து தாளில் போட்டுப் பாருங்கள். உடம்பும் முக்கியம்: வீட்டில் மைதா சலிக்கும்போதே தும்மலும் இருமலும் வருகிறவரென்றால் முதலில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்யுங்கள். மாவுத்தூளால் வரும் ஆஸ்துமா இங்கே அங்கீகரிக்கப்பட்ட தொழில்நோய், அதனால் பாதியில் விட்டவர்கள் உண்டு. உங்கள் முதுகும் மணிக்கட்டும் எத்தனை தாங்கும் என்பதை இரண்டு வார ப்ராக்டிகும் காட்டிவிடும், எந்த ஆலோசகராலும் சொல்ல முடியாது.

உங்கள் மாநிலத்தில் பயிற்சி ஆண்டு செப்டம்பரில் தொடங்கும். ப்ராக்டிகுமை அதற்கு முந்தைய குளிர்காலத்தில், ஜனவரி அல்லது பிப்ரவரியில் வையுங்கள். கிறிஸ்துமஸ் நெரிசல் முடிந்து ஈஸ்டர் நெரிசல் தொடங்காத அந்த வாரங்களில்தான் கடைக்காரருக்குக் கற்றுக்கொடுக்க நேரமிருக்கும். சுகாதாரச் சான்றை அதற்கு ஒரு மாதம் முன்னால் எடுங்கள். இரண்டு வெவ்வேறு கடைகளில் இரண்டு வாரம் வீதம் நின்று பாருங்கள். ஒரு கடையின் குணத்தை மொத்தத் தொழிலின் குணமாக எண்ணிவிடக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் தினசரி வேலை நேரமும் பள்ளி நாட்களும் எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.